புள்ளியும் பிக்செலும்: தாம்பரத்தில் எழுதப்பட்ட கோல இலக்கணம்

மார்கழி பிறந்துவிட்டால் ஒரு வாசகம் தவறாமல் வலம் வரத் தொடங்கும். புள்ளி வைத்துக் கோலமிட்ட நம் பாட்டிமார்களே உலகின் முதற் கணிப்பொறி ஓவியர்கள், வாசலில் அவர்கள் வைத்த புள்ளியைத்தான் மேலைநாட்டார் பிக்செல் என்று பெயர் மாற்றித் திரையில் வைத்தனர் என்பது அதன் சாரம். தமிழ் பயிற்றுவிப்பவன் ஆதலால் இத்தகைய பெருமிதங்களுக்கு என்னிடம் உடனே ஆதரவு கிடைக்கும் என்று அனுப்புவோர் நம்புகின்றனர். கிடைப்பதில்லை. கோலத்தின் புள்ளியும் திரையின் பிக்செலும் ஒன்றல்ல, ஏறக்குறைய எதிரெதிரானவை. ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையே உண்மையான ஓர் உறவு உண்டு. அதைக் கண்டு கணிதமாக எழுதியவர்கள் 1970களில் தாம்பரத்தில் பணியாற்றினர். அந்த வரலாறு மேற்படி வாசகத்தைக் காட்டிலும் சுவையானது. தமிழில் அதை அறிந்தோர் மிகக் குறைவு.

முதலில் பிக்செல். 1957ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தர அளவைக் கழகத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், தம் மூன்று மாதக் குழந்தையின் சிறு புகைப்படம் ஒன்றைச் சுழலும் உருளையில் ஒட்டி, ஒளியை உணரும் கருவியால் வருடச் செய்து, சீயாக் என்னும் கணிப்பொறிக்குள் செலுத்தினார். கிடையாக 176, நெடுக்காக 176, ஆக 30,976 சிறு சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் கறுப்பு அல்லது வெள்ளை. இடைப்பட்ட நிலை கிடையாது. கறுப்பு எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்னும் வரம்பை மாற்றி மாற்றி அதே படத்தைப் பலமுறை வருடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாம்பல் நிறச் சாயல்களையும் பின்னர்ப் பெற்றனர். அச்சதுரங்களுக்கு அப்போது பிக்செல் என்னும் பெயர் இல்லை. படம், கூறு என்று பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டிய அச்சொல், 1965இல் விண்வெளிப் படங்களைக் கையாண்ட பிரெடெரிக் பில்லிங்ஸ்லியின் கட்டுரைகளில்தான் முதன்முதலாக அச்சேறியது.

நிரலுக்குள் படம் என்பது இவ்வளவே: எண்கள் நிறைந்த ஒரு கட்டம். இத்தனையாவது கிடைவரிசை, இத்தனையாவது நெடுவரிசை, அவ்விடத்தில் இன்ன எண், அந்த எண்ணுக்கு இன்ன நிறம். கிடைவரிசைகளை மேலிருந்து கீழ்நோக்கி எண்ணுவதே திரையின் வழக்கம். பள்ளியில் வரைபடத்தாளில் கீழிருந்து மேல்நோக்கி எண்ணிப் பழகிய மாணவர், முதன்முதலில் திரையில் வரையும் மலை தலைகீழாகத் தொங்குவதைக் கண்டு திகைப்பதுண்டு. எந்தச் சதுரமும் தன் பக்கத்துச் சதுரத்தை அறியாது. குழந்தையின் மூக்கு இருக்கும் சதுரங்களுக்குத் தாம் மூக்கு என்று தெரியாது.

பிக்செலுக்குத் தமிழில் படவணு என்றும் படப்புள்ளி என்றும் சொல்லாக்கியிருக்கின்றனர். பின்னது அழகிய சொல். எனினும் இக்கட்டுரையின் பொருளுக்கு அது மயக்கம் விளைவிப்பது. ஆதலால் பிக்செல் என்றே எழுதிச் செல்கிறேன்.

இனிக் கோலத்துக்கு வருவோம். பெண்கள் இதழ்களில் கோலத்தின் கீழே ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள்: 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. நடுவில் 15 புள்ளிகள். அதன் இருபுறமும், முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே, 14, 13, 12 என்று குறைந்து 8இல் நிற்க வேண்டும் என்பது பொருள். கூட்டிப் பாருங்கள்: 169 புள்ளிகள் வரும். அறுகோணமாக விரியும் 169 இடங்களை இரண்டு எண்களும் ஒரு சொல்லும் சுமக்கின்றன. ஊடுபுள்ளி என்பதற்குப் பதிலாக நேர்ப்புள்ளி என்றிருந்தால் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் அமையும். இவ்வரியை எழுதியவர் எவராயினும், செறிவாகச் சொல்வதில் நம் சூத்திர ஆசிரியர்களுக்கு இளைத்தவரல்லர்.

ஆனால் இந்த 169 புள்ளிகளும் படம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை கைக்கு வழிகாட்டும் நடுகற்கள். கம்பிக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடுவதே இல்லை, சுற்றிச் செல்கிறது. கோலம் என்பது கோடுதான். திரையிலோ பிக்செலைத் தவிர வேறெதுவும் இல்லை; கோடு என்று நாம் காண்பது, ஒரே நிறத்தில் அடுத்தடுத்து ஒளிரும் பிக்செல்கள் நம் கண்ணுக்கு ஊட்டும் மயக்கம். ஒப்புமை தேடியே ஆகவேண்டுமெனில், நம் எழுத்தின் புள்ளி சற்று நெருங்கி வரும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் அதை இடாமல் விட்டனர். படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டார். அங்கே புள்ளி உண்டா இல்லையா என்பதே செய்தி. சிறிய அளவில் திரையில் தோன்றும் பழைய எழுத்துருக்களில் க என்பதற்கும் க் என்பதற்கும் இடையே நின்றது சில வேளைகளில் ஒரே ஒரு பிக்செல்தான்.

ஆக, ஒரு படத்தைச் சேமிக்க இரு வழிகள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் என்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது ஒன்று. அதை உண்டாக்கும் விதியைச் சொல்வது மற்றொன்று. கிர்ஷ் செய்தது முதலாவது; கோலமிடும் பெண் மனத்தில் வைத்திருப்பது இரண்டாவது. பட்டியலை விதியாகச் சுருக்க இயலுமா, விதி என்றால் அதற்கு இலக்கணம் உண்டா என்பது 1960களில் கணிப்பொறி அறிஞர் சிலரை ஆட்கொண்ட வினா.

அவர்களுள் முன்னோடி ஒருவர் நம்மூர்க்காரர். 1926இல் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ரங்கசாமி நரசிம்மன், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்னும் கணிப்பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1960இல் முழுமை பெற்ற அப்பொறியில், வரைபடங்களையும் எழுத்துகளையும் காட்ட எதிர்மின்கதிர்க் குழாய்த் திரை ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, அணுத்துகள்கள் குமிழ்க் கலத்தில் விட்டுச்செல்லும் தடங்களின் படங்களைக் கணிப்பொறி தானே படித்தறிய வேண்டும் என்னும் சிக்கலை அவர் எதிர்கொண்டார். அவர் முன்வைத்த தீர்வு தமிழாசிரியனுக்கு இனிப்பது: படத்தை வாக்கியம்போல் பகுத்துணர வேண்டும். எழுத்துகள் சொல்லாகவும் சொற்கள் தொடராகவும் அமைவதற்கு விதிகள் உள்ளனபோல், கோட்டுத் துண்டுகள் தடமாகவும் தடங்கள் நிகழ்வாகவும் அமைவதற்கும் விதிகள் உண்டு என்றார். வாக்கியங்களுக்கு நோம் சோம்ஸ்கி 1950களில் வகுத்த முறைசார் இலக்கணம் இவ்வாறு படங்களின் பக்கம் திரும்பியது.

தாம்பரம் இக்கதைக்குள் வருவது இங்கேதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. 1932இல் பிறந்த இவரை ஒரு துறைக்குள் அடக்க இயலாது. மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களை எண்ணி வகைப்படுத்தியவர். பிராமி எழுத்துகளையும் சிந்துவெளிக் குறியீடுகளையும் ஆராய்ந்தவர். அவருடைய துணைவியார் ராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். முறைசார் மொழிக் கோட்பாட்டை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர். அவருடைய மாணவி கமலா கிருதிவாசன், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். இம்மூவரும் சேர்ந்து 1972, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் படமொழிகளைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டனர். 1974ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்னும் சொல் இடம்பெற்றது. கணிப்பொறி வரைகலைக்கென அப்போது தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. நூல்முகம் எழுதும் பழக்கத்தில் இதைப் பெருமை என்று சொல்லிக் கடந்துவிடக்கூடாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ப என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டு என்னுடையது, முறை அவர்களுடையது. கறுப்பு வெள்ளைச் சதுரங்களால் ப வரைய வேண்டும். முதலில் மேல்வரிசையை மட்டும் ஒரு சொல்போல் எழுதுகிறோம்: ஓரத்தில் ஒரு தூண், நடுவில் வேண்டிய அளவு வெற்றிடம், மறு ஓரத்தில் ஒரு தூண். இது முதற் கட்டம். இரண்டாம் கட்டத்தில் மேல்வரிசையின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு நெடுவரிசை கீழ்நோக்கி வளர்கிறது. தூணின் விதி: கறுப்புக்குக் கீழே கறுப்பு, முடியும்போதும் கறுப்பு. வெற்றிடத்தின் விதி: வெள்ளைக்குக் கீழே வெள்ளை, முடியும்போது மட்டும் கறுப்பு. எல்லா நெடுவரிசைகளும் ஒரே வேகத்தில் வளர்ந்து ஒரே வேளையில் முடிய வேண்டும். அவ்வளவுதான், ப பிறந்துவிட்டது. ஏழுக்கு ஏழு கட்டத்தில் ப என்பதைப் பட்டியலாகச் சேமித்தால் 49 குறிகள் தேவை. எழுநூறுக்கு எழுநூறு என்றால் 4,90,000. விதியோ இரண்டுக்கும் ஒன்றே. சிறிய ப, பெரிய ப, அகன்ற ப, நெடிய ப என்று முடிவற்ற குடும்பம் ஒன்றை அந்த நான்கைந்து விதிகள் பெற்றெடுக்கின்றன.

கோலம் இதற்குப் பொருத்தமான களமாக அமைந்ததன் காரணமும் இதுவே. சிறிய வாசலுக்கு ஐந்து புள்ளியிலும், மார்கழியில் தெருவை அடைத்து இருபத்தொன்றிலும் ஒரே கோலத்தைப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். கோலமிடுபவர் படத்தை நீட்டுவதில்லை. விதியை மேலும் சிலமுறை ஓட்டுகிறார். சிரோமணி குழுவினர் கோலங்களை அழகு நோக்கியோ வட்டார வழக்கு நோக்கியோ பிரிக்காமல், அவற்றைப் பிறப்பிக்கத் தேவைப்படும் இலக்கணத்தின் வன்மை நோக்கிப் பிரித்தனர். பாட்டிக்குக் கணிப்பொறி தெரியும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. பாட்டியின் கையில் இலக்கணம் உள்ளது, அதை எழுதிவிட முடியும் என்றனர். இவ்விரு கூற்றுகளுக்கும் உள்ள தொலைவு பெரிது.

இத்துடன் நில்லாமல், 1976இல் கிஃப்ட், ராணி இருவரும் அறுகோணக் கட்டங்களுக்கும் இலக்கணம் வகுத்தனர். ஊடுபுள்ளிக் கோலம் அறிந்தவர்க்கு இதன் தேவை விளங்கும். ஊடுபுள்ளி அமைப்பில் நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே தொலைவில் ஆறு அண்டைப்புள்ளிகள் உண்டு; சதுரக் கட்டம் அதற்கு வசதியான வீடன்று. திரையின் சதுரத்தைக் கணிப்பொறிக்குத் தந்த கிர்ஷே, ஐம்பதாண்டுகளுக்குப்பின், 2010இல், சதுரத்தைத் தேர்ந்தது குறித்து வருந்தி, பல வடிவங்கொண்ட பிக்செல்களைப் பரிந்துரைத்தார் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடத் தோன்றுகிறது. 1978இல் கிஃப்ட் சிரோமணி வேறிருவருடன் சேர்ந்து, அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறி இனங்காணும் முறை ஒன்றையும் வெளியிட்டார். எழுத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக்கி, அக்கட்டத்தைக் குறிகளின் சரமாக மாற்றி, அகராதியில் சொல் தேடுவதுபோல் தேடுவது அம்முறை. படத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றித்தரும் இன்றைய மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் இந்தப் பழைய முயற்சியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நிறம் பற்றிச் சொல்லவில்லை. தாம்பரத்துக் கட்டுரைகளுக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. அரிசி மாவும் செம்மண்ணும் போதுமாயிருந்தன. ஆயினும் கல்லூரிகளில் டர்போ சி கொண்டு வரைகலை பயின்ற தலைமுறையினர்க்கு நிறமே முதற் பாடம். ஓரிடத்தையும் ஒரு நிற எண்ணையும் கொடுத்தால் அந்தப் பிக்செல் ஒளிரும். 640க்கு 480 திரையில் 3,07,200 பிக்செல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரை ஓர் எண். அந்த எண் நிறமன்று, கிண்ணத்தின் எண். பதினாறு கிண்ணங்களில் கோலப்பொடி வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். நான்காம் கிண்ணத்துச் சிவப்பைக் கொட்டிவிட்டு நீலத்தை நிரப்பினால், நான்கு என்று குறித்த இடமெல்லாம் அந்நொடியே நீலமாகிவிடும். வாசற்கோலத்தில் இது நடவாது. பின்னர் கிண்ணங்கள் போய், ஒவ்வொரு பிக்செலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று விளக்குகளுக்குத் தனித்தனியே 0 முதல் 255 வரை அளவு சொல்லும் முறை வந்தது. பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்தால் திரையில் மஞ்சள். சிவப்புப் பொடியையும் பச்சைப் பொடியையும் கலந்தாலோ சேற்று நிறம்தான் மிஞ்சும். ஒளியின் கணக்கு வேறு, பொடியின் கணக்கு வேறு.

கோட்டுக்குள் நிறம் நிரப்புவதில்தான் திரையின் அறியாமை வெளிப்படையாகத் தெரியும். நிரல் ஒரு பிக்செலில் தொடங்கி, அண்டையில் உள்ளது எல்லைக்கோடா என்று பார்த்து, இல்லையெனில் நிறமிட்டு, அங்கிருந்து மீண்டும் அண்டையைப் பார்க்கும். கோட்டில் ஒரு பிக்செல் விடுபட்டிருந்தால் போதும், நிறம் அதன்வழியே ஒழுகித் திரை முழுவதையும் நனைத்துவிடும். அண்டை என்பது நான்கு திசையா எட்டுத் திசையா என்பதும் சிக்கலே. சாய்வாகச் செல்லும் மெல்லிய கோட்டில் அடுத்தடுத்த பிக்செல்கள் மூலையால் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. எட்டுத் திசையும் நோக்கும் நிரலுக்கு அம்மூலை திறந்த கதவு. நான்கு திசை மட்டும் நோக்குவதற்கு அது வேலி. ஊடுபுள்ளிபோல் அறுகோணமாக அமைந்த கட்டத்தில் இக்குழப்பமே எழாது. பூவின் இதழில் சற்றே கோடு விட்டுப்போனாலும் நம் வீட்டுப் பெண்கள் இதழுக்குள்ளேயே நிறத்தை நிறுத்துகின்றனர். அவர்களுக்கு அது இதழ் என்று தெரியும்.

கட்டங்களின் இலக்கணம் கோலத்தை முழுமையாகப் பிடித்துவிட்டதா? இல்லை என்பதைச் சிரோமணியே உணர்ந்திருந்தார் என்பது அவருடைய பிற்கால எழுத்துகளிலிருந்து நான் பெறும் முடிவு. கட்டத்தில் எது எங்கே உள்ளது என்பது உண்டு. எது முன், எது பின் என்பது இல்லை. கம்பிக் கோலத்தின் உயிரோ அந்த முன்பின்னில்தான் உள்ளது. பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றிற்கும் இடையே இழை பின்னிச் செல்லும் எளிய கம்பிக் கோலத்தை மூன்றுக்கு நான்கு புள்ளிகளில் போட்டால், கையெடுக்காமல் ஒரே இழையில் முடிந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நான்குக்கு நான்கில் போட்டால் நான்கு தனித்தனி இழைகள் தேவைப்படும். இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ அத்தனை இழைகள். முடிந்த கோலத்தின் பட்டியலில் இச்செய்தி கண்ணுக்குத் தெரிவதில்லை. இழையைத் தொடர்ந்து சென்றவர்க்கே தெரியும்.

ஆகவே 1980களில் அவர் கட்டத்தை விட்டுக் கையின் அசைவுக்கு வந்தார். முன்னே செல், புள்ளியை வலமாகச் சுற்று, இடமாகச் சுற்று என்பன போன்ற சில அடிப்படை அசைவுகளை எழுத்துகளாகக் கொண்டு, ஒரு கம்பிக் கோலத்தை அவ்வெழுத்துகளால் ஆன சுழற்சொல்லாக எழுதினார். எங்கே தொடங்கினாலும் அதே கோலம் ஆதலால் அச்சொல்லுக்கு முதலும் இல்லை, ஈறும் இல்லை. இத்தகைய வட்டச் சொற்களுக்குரிய இலக்கணத்தை அமெரிக்க அறிஞர் அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட் முன்பே எண்ணிப் பார்த்திருந்தார்; 1987இல் அச்சான கட்டுரையில் சிரோமணி தம்பதியர் அதைக் கோலத்துக்குப் பொருத்தினர். அதே காலத்தில் கனடாவில் புருசின்கியேவிச், செடிகளின் வளர்ச்சியைத் திரையில் வரைந்து காட்டும் விதிகளைக்கொண்டு, கண்ணனின் கால்தண்டை என்று பெயர்பெற்ற கோலத்தையும் வரைந்து காட்டினார். இன்று உலகெங்கும் வரைகலை பயிலும் மாணவர் அதை ஒரு பயிற்சியாகச் செய்கின்றனர். பலர் அது நம் வாசலிலிருந்து சென்றது என்பதை அறியார்.

கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த நினைவுத்தொகுதியில் கம்பிக் கோலமும் சுழல் இலக்கணமும் பற்றி அவர் பிறருடன் எழுதிய கட்டுரை இடம்பெற்றது. அத்தொகுதியைப் பதிப்பித்தவர், படங்களுக்கு இலக்கணம் உண்டு என்று தொடங்கிவைத்த அதே நரசிம்மன். அவர் 2007இலும் ராணி சிரோமணி 2019இலும் மறைந்தனர்.

நான் வாழும் அம்பத்தூர்ப் பகுதியில் இப்போது பல வாசல்களில் ஒட்டுக் கோலமும் எண்ணெய்ச்சாயக் கோலமும்தான். துளையிட்ட அச்சுத் தட்டில் மாவைத் தேய்த்தால் பதினொரு புள்ளிக் கோலம் நொடியில் விழுகிறது. அடுக்ககத்தில் வாசல் என்பதே இரண்டடி. அவர்களைக் குறை சொல்ல என்னால் இயலாது. மார்கழியில் திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் இன்னும் பெரிய கோலங்கள் விழுகின்றன. விடிந்ததும் கைப்பேசியில் படம் எடுத்துப் பகிர்கின்றனர். ஒரு படத்தில் ஒருகோடிக்கு மேற்பட்ட பிக்செல்கள். அந்த ஒருகோடியில் கை எங்கே தொடங்கியது, எந்தப் புள்ளியை எப்பக்கமாகச் சுற்றியது, எத்தனை இழை என்பது எங்கும் பதியவில்லை. பழைய கோல நோட்டுகளும் பெரும்பாலும் முடிந்த வடிவத்தையே வைத்துள்ளன. வரிசையைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக் கற்றார்கள்.

சென்ற ஆண்டு என் மாணவியர் சிலரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் மூத்தவர் கம்பிக் கோலம் போடும்போது அருகிருந்து, முன், வலம், இடம் என்று மூன்றே சொற்களில் கையின் போக்கை எழுதி வரவேண்டும். கொண்டுவந்த தாள்களைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும் அளவுக்கு அடித்தலும் திருத்தலும். எழுதுவதற்காக நிறுத்தச் சொன்னபோது பாட்டிக்கு வழி மறந்துவிட்டது, பேச்சுக் கொடுக்காமல் விட்டால் தானாகப் போகிறது என்று ஒருத்தி குறித்திருந்தாள். அதனால் இம்முறை எழுதச் சொல்லவில்லை. கைப்பேசியை மேலே பிடித்து, முதற் புள்ளி முதல் கடைசி இழை வரை அசைபடமாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்பகுதியில் இருக்கும் நண்பர்களும் தத்தம் வீட்டில் இதைச் செய்து, கோலத்தின் பெயரையும் புள்ளிக் கணக்கையும் சேர்த்துக் குறித்து வைத்தால், சொற்களாக மாற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.